உள்ளதா என்று கேட்கும் மெத்தடை எப்படி நீட்டுவது?

கேள்வி இதுதான். பல புராஜெக்ட்டுகள் நம்பியிருக்கும் ஒரு லைப்ரரியில் ‘தொகுப்பு’ என்று ஒரு கிளாஸ். அதில் உள்ளதா(பொருள்) என்று சின்னதாய் ஒரு உதவி மெத்தட். பொருள் உள்ளே இருந்தால் ட்ரூ, இல்லாவிட்டால் ஃபால்ஸ். இதை நீட்ட வேண்டும் என்கிறீர்கள். லிஸ்ட் கொடுத்தால் அதில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் பார்க்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பாராமல் தேட வேண்டும். ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால் அதற்குப் பொருந்துவது உண்டா என்று சொல்ல வேண்டும். வருவது எந்த டைப் என்று மெத்தடுக்குள்ளேயே பார்த்துப் பிரித்துவிடலாமா, இல்லை சப்கிளாஸ் (இதிலிருந்து கிளைக்கும் கிளாஸ்) எழுதி இந்த மெத்தடை ஓவர்ரைட் செய்வது, அதாவது மாற்றி எழுதுவது, நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே வேண்டாம் என்பது என் பதில். நீங்கள் கேட்பது ஒரு மெத்தடின் மூன்று வசதிகள் போலத் தெரிகிறது, ஆனால் அவை மூன்று வேறு கேள்விகள். அதில் ஒன்றுதான் உண்மையிலேயே உள்ளதாவைச் சேர்ந்தது. அதையும் அழைக்கும் இடத்தில் தீர்மானிக்கக் கூடாது, தொகுப்பை உருவாக்கும் இடத்தில் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் இந்த மெத்தட் என்ன வாக்குக் கொடுக்கிறது என்று பார்ப்போம். ‘உள்ளே இருக்கிறதா’ என்ற கேள்விக்குள் ‘எது எதற்குச் சமம்’ என்ற இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஜாவாவில் ஹாஷ்செட் என்ற தொகுப்பு முதலில் ஹாஷ்கோடை, அதாவது பொருளிலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணை, பார்க்கும், பிறகு சமமா என்று சொல்லும் ஈக்குவல்ஸ் மெத்தடைக் கேட்கும். பொருள்களை வரிசைப்படுத்தி வைக்கும் ட்ரீசெட் ஈக்குவல்ஸ் பக்கமே போகாது, கம்பேர் செய்து பூஜ்யம் வந்தால் சமம் என்று எடுத்துக்கொள்ளும். தசம எண்களுக்கான பிக்டெசிமலில் 2.0, 2.00 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈக்குவல்ஸ் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதையும் பார்ப்பதால் அவை வேறு வேறு. கம்பேர் மதிப்பை மட்டும் பார்ப்பதால் அவை ஒன்றுதான். ஆகவே 2.0-ஐப் போட்டுவிட்டு 2.00 இருக்கிறதா என்று கேட்டால் ஹாஷ்செட் இல்லை என்கிறது, ட்ரீசெட் இருக்கிறது என்கிறது. மெத்தடின் பெயரும் இன்டர்ஃபேஸும் ஒன்றுதான், பதில் மட்டும் வேறு.

மற்ற மொழிகளிலும் இதே கதைதான். பைத்தான் லிஸ்ட் முதலில் அதே ஆப்ஜெக்டா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால்தான் சமமா என்று கேட்கும். அதனால் தனக்கே சமமில்லாத ‘நான்’ (NaN) என்ற ‘எண் அல்லாத எண்’ கூட, அதே ஆப்ஜெக்டைக் கொடுத்தால் லிஸ்டில் கிடைத்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் இன்டெக்ஸ்ஆஃப் அதைக் கண்டுபிடிக்காது, 2016-இல் வந்த இன்க்ளூட்ஸ் கண்டுபிடிக்கும். பிஹெச்பியின் இன்அரே மூன்றாவது பாராமீட்டர் கொடுக்காவிட்டால் தளர்வாக ஒப்பிடும். பதிப்பு 8.0-க்கு முன்பு, எண் அல்லாத எந்தச் சொல்லும் பூஜ்யத்துக்குச் சமம் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. இந்தச் சமத்துவ விதிதான் உள்ளதாவின் உயிர். அதைத் தொடாமல் நீட்டுவது எப்படி என்பதே நம் வேலை.

சரி, லிஸ்டுக்கு வருவோம்.

உங்கள் தொகுப்பில் வரைபடப் புள்ளிகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் (3, 4) போல ஒரு ஜோடி. இப்போது யாரோ உள்ளதா((3, 4)) என்று கேட்கிறார். அந்தப் புள்ளி இருக்கிறதா என்று கேட்கிறாரா, இல்லை 3, 4 என்ற இரண்டு பொருள்கள் இருக்கின்றனவா என்று கேட்கிறாரா? டைப்பைப் பார்த்துப் பிரிக்கும் மெத்தடால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. நேற்று வரை சரியாக ஓடிய கோட், லைப்ரரியின் அடுத்த பதிப்புக்கு மாறியதும் எர்ரர் எதுவும் காட்டாமல் ஃபால்ஸ் சொல்ல ஆரம்பிக்கும். எர்ரர் வந்தாலாவது பிடித்துவிடலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல், லிஸ்ட் கொடுத்தால் ‘எல்லாம் இருக்கிறதா’ என்று அர்த்தமா, ‘ஏதாவது ஒன்று இருக்கிறதா’ என்று அர்த்தமா என்பது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு குழுவில் இதே மாற்றத்தைச் செய்தோம். பயனரின் உரிமைகள் ஒரு தொகுப்பில் இருக்கும். லிஸ்ட் கொடுத்தால் ஏதாவது ஒன்று இருந்தாலே ட்ரூ என்று மெத்தடை எழுதினோம். சில மாதம் கழித்து, படிக்கவும் அழிக்கவும் இரண்டு உரிமையும் உள்ளவருக்கு மட்டுமே திறக்க வேண்டிய ஒரு திரைக்கு, இரண்டையும் லிஸ்டாக வைத்து இன்னொருவர் உள்ளதா என்று கேட்டிருந்தார். படித்துப் பார்த்தால் அந்த வரி முற்றிலும் சரியாகவே தோன்றும். ரிவ்யூவில் நானும்தான் பார்த்தேன். டெஸ்டும் பாஸ் ஆனது, ஏனென்றால் டெஸ்ட் பயனருக்கு இரண்டு உரிமையும் இருந்தது. படிக்கும் உரிமை மட்டும் உள்ள ஒருவர் பதிவுகளை அழித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வரியை எழுதியவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குற்றம் மெத்தடின் பெயரில் இருந்தது.

காலியான லிஸ்ட் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ‘எல்லாம்’ என்ற விதிப்படி பதில் ட்ரூ, ‘ஏதாவது’ என்ற விதிப்படி பதில் ஃபால்ஸ். தர்க்கப்படி இரண்டுமே சரி. உரிமை சோதிக்கும் இடத்தில் இதில் எது வரும் என்று அழைப்பவருக்குப் பெயரிலேயே தெரிய வேண்டும். எனவே எல்லாம்_உள்ளனவா(பொருள்கள்), ஏதேனும்_உள்ளதா(பொருள்கள்) என்று இரண்டு புது மெத்தட்கள் எழுதுங்கள். இரண்டும் உள்ளே உள்ளதாவையே அழைக்கட்டும். அப்போது சப்கிளாஸ் எழுதியவர் உள்ளதாவை எப்படி மாற்றியிருந்தாலும் புது மெத்தட்கள் அதையே பின்பற்றும்.

“பைத்தானின் ஸ்டார்ட்ஸ்வித் ஒரு டியூப்பிளை வாங்கிக்கொள்கிறதே, அது மட்டும் எப்படிச் சரி?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்டார்ட்ஸ்வித் ஒரு சொல் எந்த முன்னொட்டில் தொடங்குகிறது என்று பார்ப்பது, டியூப்பிள் பல மதிப்புகளின் கட்டு. அங்கே முன்னொட்டு என்பது எப்போதும் ஒரு ஸ்ட்ரிங்தான், டியூப்பிள் ஒருநாளும் முன்னொட்டாக இருக்க முடியாது. ஆகவே குழப்பத்துக்கு இடமே இல்லை. உங்கள் தொகுப்பு எந்தப் பொருளையும் உள்ளே வாங்கும். அதனால் எந்த டைப்பையும் ‘இது பொருளாக இருக்க முடியாது’ என்று ஒதுக்க உங்களுக்கு உரிமை இல்லை. டைப் பார்த்துப் பிரிக்கலாமா என்ற கேள்வி எப்போது வந்தாலும் இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபங்ஷன் கொடுக்கும் வசதிக்கும் இதே அளவுகோலைப் போட்டுப் பாருங்கள். ஒரு பட்டனை அழுத்தினால் ஓட வேண்டிய ஃபங்ஷன்களை, அதாவது கால்பேக்குகளை, யாரோ உங்கள் தொகுப்பில் வைத்திருக்கிறார். ஒரே கால்பேக் இரண்டு முறை பதிவாகக் கூடாது என்று, சேர்ப்பதற்கு முன் உள்ளதா(கால்பேக்) என்று கேட்கிறார். உங்கள் புது மெத்தட் வந்திருப்பது ஃபங்ஷன் என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு பொருளையும் அதற்குக் கொடுத்து அதை ஓட்டிப் பார்க்கும். இருக்கிறதா என்று கேட்டதற்கே கால்பேக் ஓடிவிடும்! அது ஒரு மெயில் அனுப்பும் கால்பேக் என்றால் மெயில் போயே விட்டது.

இதற்குப் பல மொழிகள் தனிப் பெயர் வைத்திருப்பது காரணத்தோடுதான். ஸ்மால்டாக்கில் பொருளைக் கேட்க இன்க்ளூட்ஸ், நிபந்தனையைக் கேட்க எனிசாட்டிஸ்ஃபை. ஜாவாவில் கன்டெய்ன்ஸ் வேறு, எனிமேட்ச் வேறு. ஜாவாஸ்கிரிப்டில் இன்க்ளூட்ஸ் வேறு, ‘சம்’ (some) வேறு. தனிப் பெயரால் இன்னொரு நன்மையும் உண்டு: செலவு வெளியே தெரியும். ஹாஷ் வைத்த தொகுப்பில் உள்ளதா என்று கேட்டால், பொருள்கள் எத்தனை இருந்தாலும் சராசரியாக ஒரே அளவு நேரம்தான் ஆகும். நிபந்தனை என்றால் ஒவ்வொன்றாகப் பார்த்தே தீர வேண்டும். 10,000 பொருள்கள் உள்ள தொகுப்பில் 10,000 முறை கேட்டால் அது 10 கோடி ஒப்பீடு வரை போகும். இரண்டையும் ஒரே பெயரில் வைத்தால், மெதுவாக ஓடும் வரி எது என்று கண்ணில் படாது. உங்கள் மொழியில் எனி போன்ற பொதுவான ஃபங்ஷன் ஏற்கெனவே இருந்தால், இந்த மெத்தடை எழுதாமலே விடலாம். நான் எழுதமாட்டேன்.

இப்போது எழுத்து பேதம். உள்ளதாவை நேரடியாகத் தொடும் தேவை இது ஒன்றுதான். தவறாகச் செய்வது மிக எளிது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி சப்கிளாஸ். பைத்தானில் கீ-மதிப்பு ஜோடிகளை வைக்கும் டிக்ட் கிளாஸிலிருந்து ஒன்றை எடுத்து, அதன் கன்டெய்ன்ஸ் மெத்தடை ஓவர்ரைட் செய்து, வந்த கீயைச் சின்ன எழுத்தாக்கித் தேடச் சொல்கிறோம். ‘இன்’ (in) என்ற சொல்லைப் போட்டுக் கேட்டால் ட்ரூ வருகிறது. அப்புறம் அதே கீயைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு மதிப்பைக் கேட்டால் கீஎர்ரர். கெட் மெத்தடும் ‘நன்’ (None), அதாவது ஒன்றுமில்லை, என்கிறது. காரணம், டிக்டின் உள்வேலை சி மொழியில் எழுதப்பட்டது. அதன் கெட்டும் மதிப்பெடுக்கும் வேலையும் நீங்கள் ஓவர்ரைட் செய்த கன்டெய்ன்ஸைக் கூப்பிடுவதே இல்லை. ‘இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, ‘கொடு’ என்றால் ‘இல்லை’ என்று கைவிரிக்கும் தொகுப்பை யாரால் நம்ப முடியும்? பைத்தானில் இந்த வேலைக்கு மியூட்டபிள்மேப்பிங் என்ற அடிப்படை கிளாஸிலிருந்து எடுப்பதுதான் சரி. ஐந்து மெத்தட்களை எழுதினால் போதும். கன்டெய்ன்ஸும் கெட்டும் அவற்றின் மேலேயே கட்டப்பட்டுத் தானாக வரும், ஒன்றுக்கொன்று முரண்படாது.

ஜாவாவில் நடப்பது இன்னும் நுட்பமானது. அப்ஸ்ட்ராக்ட்செட்டின் ரிமூவ்ஆல் இரண்டு தொகுப்புகளின் அளவைப் பார்த்துத் தன் வேலையை மாற்றிக்கொள்ளும். தான் பெரியது என்றால், வந்த தொகுப்பின் ஒவ்வொரு பொருளையும் தன்னிடமிருந்து நீக்கப் பார்க்கும். தான் பெரியது இல்லை என்றால், தன் ஒவ்வொரு பொருளுக்கும் வந்த தொகுப்பிடம் கன்டெய்ன்ஸ் கேட்கும். சாதாரண ஹாஷ்செட் ஒன்றிலிருந்து, எழுத்து பேதம் பாராத ட்ரீசெட்டில் இருப்பவற்றை நீக்கச் சொன்னால், முதல் வழியில் ஹாஷ்செட்டின் சமத்துவம், இரண்டாம் வழியில் ட்ரீசெட்டின் சமத்துவம். பொருள்களின் எண்ணிக்கை ஒன்று கூடினாலோ குறைந்தாலோ விடையே மாறிவிடும். உள்ளதாவை யாரெல்லாம் மறைமுகமாக நம்பியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவதாகத் தோன்றும் வழி, அழைக்கும்போதே ஒரு பாராமீட்டர்: உள்ளதா(பொருள், பேதம்_பார்=ட்ரூ). பழைய அழைப்புகள் உடையாது என்பதால் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் ஏற்கெனவே உங்கள் கிளாஸை நீட்டி, உள்ளதா(பொருள்) என்று ஒற்றைப் பாராமீட்டரோடு ஓவர்ரைட் செய்தவர்கள் இருப்பார்கள். உங்கள் லைப்ரரியின் வேறொரு மெத்தட் புதுப் பாராமீட்டரோடு உள்ளதாவை அழைத்த உடனே அவர்களுடைய சப்கிளாஸ் விழும். அதோடு, ஹாஷ் பழைய விதிப்படி கட்டப்பட்டிருப்பதால் புது விதிக்கு அது உதவாது, ஒவ்வொன்றாகத்தான் தேட வேண்டும். சி-ஷார்ப்பில் ஹாஷ்செட்டின் மேல் ஒப்பீட்டு விதியோடு லிங்க் என்ற பொதுத் தேடல் வசதியின் கன்டெய்ன்ஸை அழைத்தால் நடப்பது இதுதான். அதே சி-ஷார்ப், ஹாஷ்செட்டை உருவாக்கும்போதே விதியை வாங்கிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறது. நாம் பின்பற்ற வேண்டியது அந்த வழியை.

விதி தொகுப்போடு பிறக்கட்டும். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

தொகுப்பு(மடக்கு): உள்ளறை = காலி மேப்
சேர்(பொருள்): உள்ளறை[மடக்கு(பொருள்)] = பொருள்
உள்ளதா(பொருள்): மடக்கு(பொருள்) உள்ளறையின் கீயாக இருக்கிறதா?
நீக்கு(பொருள்): உள்ளறையிலிருந்து மடக்கு(பொருள்) என்ற கீயை எடு

மடக்கு என்பது ஒரு பொருளை அதன் பொது வடிவத்துக்குக் கொண்டுவரும் ஃபங்ஷன். எதையும் கொடுக்காவிட்டால், வந்ததை அப்படியே திருப்பித் தரும். அதனால் பழைய பயனர்களுக்கு எதுவும் மாறாது. சேர்ப்பது, கேட்பது, நீக்குவது மூன்றும் ஒரே மடக்கு வழியாகப் போவதால் முரண்பாடு வராது. ஹாஷின் வேகமும் அப்படியே இருக்கும்.

மடக்கைத் தனியே வைப்பதன் அருமை தமிழில் வேலை செய்பவர்களுக்கு உடனே புரியும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆனால் ‘கொடி’ என்ற சொல்லை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகர உயிர்க்குறி ஒரே குறியீடாக இருந்தால் மொத்தம் 4 குறியீடுகள். அதையே ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து வைத்தால் 5. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் சாதாரண ஸ்ட்ரிங் ஒப்பீட்டில் இரண்டும் வேறு வேறு சொற்கள், ‘கொடி’ உள்ளதா என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். பிரிந்த குறியீடுகளைச் சேர்த்துவைக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பேதம்_பார் என்று ஒரு பாராமீட்டரை வைத்திருந்தால் இதற்காக இன்னொரு பாராமீட்டர் சேர்க்க வேண்டியிருக்கும். மடக்கு இருந்தால் என்எஃப்சி செய்யும் ஃபங்ஷனைக் கொடுத்தால் முடிந்தது. எழுத்து பேதத்துக்கும் சின்ன எழுத்தாக்கும் லோயர் மட்டும் போதாது. ஜெர்மன் மொழியின் கூர்மையான எஸ் எழுத்தை லோயர் மாற்றாது, பைத்தான் 3.3-இல் வந்த கேஸ்ஃபோல்ட் அதை இரண்டு எஸ் ஆக்கும்.

‘இரண்டு பொருள்களை ஒப்பிடும் ஃபங்ஷன்’ வாங்காமல் ‘ஒரு பொருளை மடக்கும் ஃபங்ஷன்’ ஏன் வாங்குகிறேன் என்று தோன்றலாம். ஒப்பிடும் ஃபங்ஷனை எப்படி வேண்டுமானாலும் எழுதிவிடலாம். வித்தியாசம் 0.01-க்குள் இருந்தால் சமம் என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். 1.000-மும் 1.009-மும் சமம், 1.009-மும் 1.018-மும் சமம், ஆனால் 1.000-மும் 1.018-மும் சமமில்லை. அப்படியானால் தொகுப்பில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன? எந்த வரிசையில் சேர்த்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். மடக்கும் ஃபங்ஷனில் இந்தத் தொல்லை வராது. மடக்கிய பிறகு ஒன்றாக இருப்பவை சமம், அவ்வளவுதான். ‘ஏறக்குறைய சமம்’ வேண்டுமென்றால் அது நிபந்தனைக் கேள்வி, மேலே சொன்ன எனி பக்கம் போக வேண்டியது.

லைப்ரரி உங்கள் கையில் இல்லை, வெளியிலிருந்துதான் நீட்ட முடியும் என்றால் கொஞ்சம் கவனம் தேவை. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. மூடூல்ஸ் என்ற லைப்ரரி, மொழியின் சொந்த ஸ்ட்ரிங், அரே ஆகியவற்றிலேயே கன்டெய்ன்ஸ் என்ற மெத்தடைச் சேர்த்திருந்தது. பிறகு மொழியே அதே பெயரில் மெத்தடைக் கொண்டுவர முயன்றபோது, மூடூல்ஸை நம்பிய பழைய தளங்கள் உடைந்தன. கடைசியில் மொழிதான் விட்டுக்கொடுத்து, பெயரை இன்க்ளூட்ஸ் என்று மாற்றிக்கொண்டது. சி-ஷார்ப், கோட்லின் மொழிகளின் எக்ஸ்டென்ஷன் மெத்தட்கள் மூல கிளாஸைத் தொடாதவை என்பதால் இந்த அளவுக்கு ஆபத்து இல்லை. ஆனால் கிளாஸின் சொந்த மெத்தடுக்கே முன்னுரிமை. நாளை லைப்ரரிக்காரர் அதே பெயரில், அதே பாராமீட்டரில் ஒன்றைச் சேர்த்தால், மறுமுறை கம்பைல் செய்தபோது உங்கள் அழைப்பு சத்தமில்லாமல் அவருடையதற்குப் போய்விடும். ஆகவே மூல ஆசிரியர் வைக்கச் சாத்தியமில்லாத, உங்கள் துறைக்கே உரிய பெயரை வையுங்கள்.

தொகுப்பு உங்கள் மொழியில் ஒரு இன்டர்ஃபேஸ் (என்னென்ன மெத்தட்கள் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம்) என்றால், புது மெத்தட்களை உடலோடு சேர்த்துக் கொடுங்கள். ஜாவா 8-இல், அதாவது 2014-இல், வந்த டிஃபால்ட் மெத்தட்கள் இதற்காகவே வந்தவை. உடல் இல்லாமல் சேர்த்தால், அந்த இன்டர்ஃபேஸை எழுதிய ஒவ்வொருவரின் கோடும் கம்பைல் ஆகாது.

இன்னொரு ஆசையும் சீக்கிரம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ட்ரூ என்பதற்குப் பதில் பொருள் இருக்கும் இடத்தின் எண்ணைத் திருப்பித் தரலாமே என்று தோன்றும். முதல் இடம் பூஜ்யம், பூஜ்யம் பல மொழிகளில் ஃபால்ஸ். முதலில் இருக்கும் பொருள் மட்டும் ‘இல்லை’ ஆகிவிடும். பைத்தானில் இன் எப்படியும் பதிலை ட்ரூ, ஃபால்ஸ் ஆக்கிவிடும் என்பதால் அங்கே அதில் பயனும் இல்லை. கிடைத்ததைத் தர வேண்டுமென்றால் அதற்கு எடு(பொருள்) என்று தனி மெத்தட் போதும்.

வேலையைத் தொடங்கும்போது முதலில் டெஸ்ட் எழுதுங்கள், கோடில் ஒரு வரி மாற்றுவதற்கு முன்பே. சேர்த்த உடனே உள்ளதா ட்ரூ சொல்ல வேண்டும், நீக்கிய உடனே ஃபால்ஸ் சொல்ல வேண்டும். தொகுப்பைச் சுற்றிவந்தால் கிடைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ட்ரூ வர வேண்டும். ஜோடி ஒன்றையும் ஃபங்ஷன் ஒன்றையும் பொருளாகப் போட்டுக் கேட்டுப் பாருங்கள், அந்த ஃபங்ஷன் ஓடவில்லை என்பதையும் சேர்த்துச் சோதியுங்கள். ‘நல்’ (null), அதாவது ஒன்றுமில்லை என்ற மதிப்பு, கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் முடிவு செய்து எழுதிவையுங்கள். ஜாவாவில் அரேலிஸ்ட் அதற்கு அமைதியாக ஃபால்ஸ் சொல்லும், லிஸ்ட் ஆஃப் கொடுத்து உருவாக்கியது எக்செப்ஷன் வீசும். உள்ளதாவை ஒற்றைப் பாராமீட்டரோடு ஓவர்ரைட் செய்த ஒரு சின்ன சப்கிளாஸை டெஸ்டுக்குள்ளேயே வைத்து, உங்கள் எல்லாம்_உள்ளனவா, ஏதேனும்_உள்ளதா இரண்டும் அதன் மேல் சரியாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். இவை எல்லாம் பச்சையாக இருந்தால் அந்த இரண்டு மெத்தட்களை முதல் பேட்ச்சில் அனுப்புங்கள். மடக்கு அடுத்த பேட்ச்சில் தனியாகப் போகட்டும், அதில் ரிவ்யூ செய்பவர் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.